நேவி வாளியில் ஊறிய மாங்காய்

1942 இல் திருகோணமலையில் குண்டு விழுந்த நாளைப் பற்றி என் வயதுக்காரர் எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள். எழுதியவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓய்வூதியர் கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. விமானங்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வருகிறது. இப்படியே போனால், நாங்கள் போய்ச் சேருவதற்குள் யப்பான்காரனிடம் இருந்த விமானம் அத்தனையும் எங்கள் கூரைக்கு மேலால் பறந்து முடிந்துவிடும்.

எனக்கு அந்த யுத்தத்தில் சொல்லத் தெரிந்தது ஓர் ஊறுகாயைப் பற்றி மட்டும்தான். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் போட்ட ஊறுகாய் பழுதாயிற்று. அதற்காக ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பினார்கள். இவ்வளவுதான் கதை. ஆனால் நான் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். 'தேவையான பொருட்கள்' என்று தொடங்காமல் எனக்கு எதையும் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கடற்கரைப் பக்கத்துத் தெருவொன்றில் இருந்தோம். அப்பா கடற்படை டொக்யாட்டின் ஸ்ரோரில், சாமான் கிடங்கில், கிளாக்கர். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதே ஸ்ரோரில் சாமான் ஏற்றி இறக்குகிற ஆட்களில் ஒருவர். அந்த வேலையை எடுத்துக் கொடுத்தது அப்பாதான். அதனால் வேலையிடத்திலும் வீட்டிலும் சித்தப்பாவுக்கு ஒரே மேலதிகாரி. அந்தத் தை மாதம் சித்தப்பாவுக்குக் கிளிவெட்டியில் கலியாணம் நடந்தது. பெண்ணைப் பார்த்ததும் அப்பா, நாள் வைத்ததும் அப்பா. சித்தப்பா தாலியை மட்டும் தன் கையால் கட்டினார். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் சின்னம்மா.

சின்னம்மாவுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. வயல்காரர் வீட்டுப் பெண். சத்தமாகச் சிரிப்பார்; சிரித்த பிறகு யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பார். அம்மாவை 'அக்கா' என்று கூப்பிடுவார். அம்மாவும் அவரைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார். அம்மா கொடுமைக்காரி என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சித்திரை பிறக்கச் சில நாள் இருக்கும்போது குண்டு விழுந்தது. பின்னேரத்துக்குள் ஊர் காலி. நாங்கள் சின்னம்மாவின் தகப்பன் வீட்டுக்கு, கிளிவெட்டிக்கு ஓடினோம். அங்கே எங்களுக்கு அறை தந்தார்கள், பாய் தந்தார்கள், கேட்காமலே தயிர் தந்தார்கள். அம்மா அந்தத் தயிரைக் குழைத்தபடி, "எங்கடை ஊறுகாய்ச் சாடியள் என்ன பாடோ தெரியேல்லை" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

வேலைக்குத் திரும்பாதவர்களின் பெயர் வெட்டப்படும் என்று செய்தி வந்ததும் திரும்பினோம். சுவர் ஓரிடத்தில் வெடித்திருந்தது. கூரையில் சில ஓடுகள் இல்லை. குசினித் தட்டில் இருந்த மூன்று சீனச் சாடிகளும் விழுந்து நொருங்கிக் கிடந்தன. தேசிக்காய் ஊறுகாய் சீமெந்துத் தரையில் ஊறிக் காய்ந்து, கறுத்த தோல்போல ஒட்டிக்கிடந்தது. எறும்புகூட அதைத் தொடவில்லை. அம்மா அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார்.

"சாடிதானே, வாங்கலாம்," என்றார் அப்பா.

"எங்கை வாங்குறது? சாடி கொண்டாற கப்பலையெல்லாம் உங்கடை வெள்ளைக்காரன் சண்டைக்கு விட்டிட்டு நிக்கிறான்."

சண்டை நடக்கும்போது வெள்ளைக்காரன் அப்பாவுடையவனாக இருப்பான். சம்பள நாளில் அவன் எல்லாருக்கும் பொது.

அந்தக் கோடையில் எங்களுக்குச் சாப்பாடு ஒரு வினோதமான பிரச்சினை. அரிசி கூப்பனுக்குத்தான். துறைமுகத்துக்குள் வலை போடத் தடை, மீன் அருமை. ஆனால் மரக்கறி மட்டும் கொட்டிக்கிடந்தது. கிளிவெட்டித் தோட்டங்கள் பட்டணத்தை நம்பிப் பயிரிட்டவை. பட்டணம் ஓடிவிட்டது என்பது கத்தரிச் செடிக்குத் தெரியாதல்லவா? அது காய்த்துக்கொண்டே இருந்தது. சின்னம்மாவின் தகப்பன் சாக்குச் சாக்காகக் கட்டி, கொட்டியார்க்குடாவைக் கடந்து வரும் மூதூர்த் தோணியில் எங்களுக்கு அனுப்பினார். மாங்காய், வெள்ளரிப்பிஞ்சு, பாகற்காய், பச்சை மிளகாய்.

தோணிக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சாக்கை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்வார். "மனிசன் தோட்டத்தையே பிடுங்கி அனுப்பியிருக்கிறார், தங்கச்சி. இனிக் குண்டு போட்டால் பாவக்காய்தான் சாகும்."

"மாரிக்கும் இப்பிடி அனுப்புவாரோ, நானா?" என்று அம்மா கேட்பார்.

"மாரிக்கு நான் வரமாட்டன். எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

அதுதான் விசயம். மழை தொடங்கினால் குடா கொந்தளிக்கும், தோணி வராது, தரைவழி வெள்ளத்தில் அறுந்துவிடும். அந்த மாதங்களுக்குக் கோடையிலேயே சேர்த்துவைக்காவிட்டால் கூப்பன் அரிசிச் சோற்றை உப்போடுதான் விழுங்க வேண்டும். ஆகவே அம்மா போர்க்கால அடிப்படையில் இறங்கினார். பாகற்காயை வட்டமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, பாயில் காயவைத்து வற்றலாக்கினார். மிளகாயைக் கீறி மோரில் ஊறப்போட்டார்.

பாய்க்குக் காவல் நான். கையில் ஒரு பூவரசங் கம்பு. அபாயச் சங்கு ஊதினால் கம்பைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். காகங்கள் இதை இரண்டு நாளில் படித்துவிட்டன. சங்கு ஊதியதும் அவை வேலியில் வந்து வரிசையாக இருக்கும். அந்த யுத்தத்தில் எங்கள் வளவுக்கு வான்வழியாக வந்த சேதம் முழுவதும் அவற்றால் வந்ததுதான்.

மாங்காய்க்கும் வெள்ளரிக்கும்தான் வழி இல்லாமல் இருந்தது. அவற்றை உப்பும் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த வினாகிரியும் விட்டு மாதக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். மண்பானை உப்பைக் கசியவிடும். பித்தளை அண்டா இருந்தது. ஆனால் பித்தளையில் புளி பட்டால் பச்சையாய்க் களிம்பு ஏறும், அது நஞ்சு. உள்ளே ஈயம் பூசியிருந்தால் பயமில்லை. வருடத்துக்கொருமுறை தெருவில் வந்து ஈயம் பூசிக் கொடுக்கிறவர் குண்டுக்குப் பிறகு வரவேயில்லை.

ஒரு பின்னேரம் அப்பா சைக்கிளின் பின்னால் சாக்குப் போர்த்திக் கட்டிய ஒன்றைக் கொண்டுவந்தார். முற்றத்தில் நிற்காமல் நேரே குசினி வாசலுக்கு உருட்டினார். சாக்கை உருவினதும் உள்ளே மூடி போட்ட பெரிய வாளி, என் இடுப்பளவு உயரத்தில். வெள்ளிபோல இருந்தது. உடம்பெல்லாம் கொடுவாமீனின் செதில்போல மினுங்கிற்று.

"எங்காலை இது?" என்றார் அம்மா.

"ஸ்ரோரிலை கழிச்ச சாமான்."

"கழிச்ச சாமான் போலை இல்லையே."

"வெள்ளைக்காரன் கழிக்கிறதும் இப்பிடித்தான் இருக்கும்."

இந்தக் குரலில் அப்பா சொன்னால் அதற்கு மேல் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு நடைமுறை. ஆனாலும் அம்மா ஒரு கேள்வி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

"புளி போட ஏலுமோ? களிம்பு பிடிக்காதோ?"

அப்பா வாளியைச் சரித்து உட்புறத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "பாரும். ஈயம் பூசிக்கிடக்கு. எங்கடை ஆள் உள்ளுக்கு மட்டும் தடவிப்போட்டுப் போறவன். இவங்கள் வெளியிலை, அடியிலை எல்லாம் பூசியிருக்கிறாங்கள். வெள்ளைக்காரன்ரை வேலை வேலைதான்."

அது ஈயமல்ல. இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்குப் பூசுகிற துத்தநாகம். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் புளியைத் தாங்கும். துத்தநாகம் தாங்காது, கரைந்து ஊறுகாயோடு கலக்கும், சாப்பிட்டவர் வாந்தியெடுத்து விழுவார். பிற்காலத்தில் இதை நான் எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அடிக்கோடும் இட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார். அப்பா பார்க்க வேண்டியதைப் பார்த்தார். இரண்டு பேரும் நடைமுறையில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஒன்றும் தெரியாதவர்களாக இருந்திருந்தால் பயந்துபோய், கசிந்தாலும் கசியட்டும் என்று மண்பானையில் போட்டிருப்பார்கள்.

வாளியை நிரப்பிய நாள் எங்கள் வீட்டில் ஒரு சின்னத் திருவிழா. மாங்காயைக் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்து, கொட்டையோடு பிளந்து, நிலாவெளி உப்பள உப்பும் மஞ்சளும் போட்டு, ஒரு படை மாங்காய், ஒரு படை வெள்ளரி, ஒரு படை மிளகாய் என்று அடுக்கினார்கள். மேலே வினாகிரி. அதற்கு மேலே கொதிநீரில் போட்டுக் கழுவிய கல்லொன்று. பிறகு அம்மா அறிவித்தார்.

"இதைத் திறக்கிறது நான் மட்டும். வேறை ஒரு கை படக்கூடாது."

சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. மாதவிலக்கின் தீட்டை எங்கள் பக்கம் துடக்கு என்பார்கள். துடக்குக்காரி தொட்டால் ஊறுகாய் புழுக்கும், பால் திரையும், கறிவேப்பிலை கருகும் என்று அன்றைக்கு எல்லா வீட்டிலும் சட்டம். அந்த மூன்று நாளும் அம்மாவே தன் ஊறுகாயை எட்டி நின்றுதான் பார்ப்பார்.

சில நாளில் வாளிக்குள்ளிருந்து மெல்லிய இரைச்சல் கேட்டது. அம்மா மூடியைத் திறந்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வாளியின் ஓரமெங்கும் நுண்ணிய குமிழிகள் முத்துப்போல ஏறிக்கொண்டிருந்தன.

"பாருங்கோ, என்ன வடிவா நுரைக்குது! சாடியிலை ஒருநாளும் இப்பிடி நுரைச்சதில்லை."

நுரைப்பது நொதிக்கிறதற்கு நல்ல அடையாளம்தான். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. வாளியின் சுவர் கரைந்தாலும் அதே குமிழிதான் வரும் என்பது அடுத்த அத்தியாயம்.

ஒரு மத்தியானம் அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். சின்னம்மா வாளியடியில் குந்தியிருந்தார். மூடி நிலத்தில் இருந்தது. ஒரு மாங்காய்த் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சப்பிக்கொண்டிருந்தார். புளிப்பில் அவருடைய தோள் இரண்டும் மேலே ஏறின. என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார். வாளிக்குள் கைவிட்டு எனக்கும் ஒரு துண்டு தந்தார்.

"ஆருக்கும் சொல்லாதை."

"அம்மா பேசுவா."

"அதுக்குத்தானே சொல்லாதை எண்டுறன்."

நான் கடித்தேன். நாக்கில் ஏதோ கூசிற்று. எங்கள் பக்கம் சாவியைத் திறப்பு என்போம். "சின்னம்மா, திறப்பு மாதிரி இருக்கு."

"நீ எப்ப திறப்புத் திண்டனி?"

"அலுமாரித் திறப்பை ஒருக்கா நக்கிப் பார்த்தனான்."

சத்தம் வெளியே வராமல் இருக்கச் சின்னம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இன்னொரு துண்டை எடுத்தார். "எனக்கு இப்ப திறப்பும் ருசிக்குது, பிள்ளை."

அது ஏன் என்று கேட்கிற வயது எனக்கு இல்லை. அதற்குப் பிறகும் பல மத்தியானங்களில் மூடியின் சத்தம் எனக்குக் கேட்டது. நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

அம்மாவின் கணக்குப்படி ஊறுகாய் இன்னும் ஊற வேண்டும். அப்பாவுக்குத்தான் பொறுமையில்லை. ஸ்ரோர் ஆட்கள் கூப்பன் அரிசிச் சோற்றை வெறும் சம்பலோடு தின்கிறார்கள். தன் வீட்டில் வாளி நிறைய ஊறுகாய் இருக்கிறது. இதை நாலுபேர் அறியாமல் இருப்பது அவரால் தாங்க முடியாத விசயம். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை ஒரு பானை நிறைய அள்ளிக்கொண்டு போனார். நாங்களும் அன்று மத்தியானம் வீட்டில் அதைப் போட்டுச் சாப்பிட்டோம்.

பாத்திரம் கழுவி முடிக்கவில்லை. வயிறு பிரட்டத் தொடங்கியது. முதலில் நான். பிறகு அம்மா. சின்னம்மா கிணற்றடிக்கே போய்ச் சேரவில்லை. வாழைக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். அன்றைக்குச் சங்கு ஊதியிருந்தால் பதுங்குகுழிக்குப் போக எங்களில் ஒருவருக்கும் கால் இருந்திராது. பின்னேரம் சித்தப்பா அப்பாவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டுபேர் முகமும் சாம்பல். ஸ்ரோரில் ஊறுகாய் தொட்ட எல்லாரும் மதிலோரமாக வாந்தியெடுத்துக்கொண்டு கிடக்கிறார்களாம்.

யாரும் சாகவில்லை. மறுநாள் காலை எல்லாரும் எழும்பித் தேத்தண்ணி குடித்தோம். அதோடு அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா வேலைக்கு வெளிக்கிடாமல் கதிரையிலேயே இருந்தார்.

"துரை நேத்தே கூப்பிட்டு விசாரிச்சவன். சாப்பாட்டிலை ஆரும் என்னவும் கலந்ததோ எண்டு கேட்கிறான். யப்பான்காரனுக்கு வேலை செய்யிற ஆள் ஆரும் உங்கடை வீட்டிலை இருக்கோ எண்டு கேட்கிறான். நான் என்னத்தைச் சொல்லுறது?"

உப்பைச் சந்தேகப்பட்டார்கள். வினாகிரியைச் சந்தேகப்பட்டார்கள். வாளியை ஒருவரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தாலும் அப்பாவால் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியாது. அந்த வாளி எங்கள் குசினிக்கு எப்படி வந்தது என்று துரை அடுத்த கேள்வி கேட்பான். அப்பா உண்மையில் ஒன்றையும் ஊகிக்கவில்லையா, அல்லது ஊகித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுகம் விசாரிக்க வந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை, தெருவுக்கே பெரியம்மா. ஊறுகாய் போட்ட முறை முழுவதையும் அம்மாவிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"நீ ஒண்டும் பிழை விடேல்லை. சரியாப் போட்ட ஊறுகாய் பழுதாகிறதெண்டா ஒரே காரணம்தான். ஆரோ துடக்கோடை கை வைச்சிருக்கினம்."

எல்லாரும் கிணற்றடியைப் பார்த்தார்கள். அங்கே சின்னம்மா குனிந்து நின்று துணி தோய்த்துக்கொண்டிருந்தார். கல்லில் வழிந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது.

அம்மா அவரைக் குசினிக்குள் கூப்பிட்டார். சித்தப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அம்மிக்குப் பக்கத்தில்.

"பிள்ளை, நீ வாளியைத் திறந்தனியோ?"

"ஓம், அக்கா."

அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லுவார், தானும் நம்பிவிடலாம் என்று நினைத்திருப்பார் போல. குரல் கீழே இறங்கிற்று. "ஒருக்காலோ?"

"கனதரம்."

"துடக்கோடையோ?"

"இல்லை அக்கா. அப்ப இல்லை."

பெரியம்மா கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துணியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அது என்ன? பாவக்காய் வத்தலோ?"

சின்னம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா நிலையில் இருந்த ஆணியொன்றைப் பார்த்தார். அண்ணனுக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாத மனிதர்.

உள்ளேயிருந்து அப்பா சொன்னார்: "தம்பி, கொஞ்ச நாளைக்கு அவ தகப்பன் வீட்டிலை நிக்கட்டும். இஞ்சை உந்தக் கதை அடங்கட்டும்."

"ஓம், அண்ணை," என்றார் சித்தப்பா.

துரையிடம் அப்பா என்ன சொன்னாரோ தெரியாது. வீட்டுப் பெண்ணொருத்தியின் சுத்தக்குறைவு என்று சொல்லியிருப்பார். அதை எழுதிக்கொள்ள எந்த நாட்டுத் துரைக்கும் கஷ்டமிராது. அப்பாவின் வேலை தப்பிப் பிழைத்தது.

சின்னம்மாவைத் தோணியேற்றச் சித்தப்பாவும் நானும் போனோம். தோணிக்கார நானா எங்களைப் பார்த்ததும் நாங்கள் வழக்கமாகத் திருப்பி அனுப்புகிற வெறுஞ் சாக்குகளைத் தேடினார். "என்ன, இந்தத் தரம் சாமான் ஒண்டும் இல்லையோ?"

"சாமான் நான்தான், நானா," என்றார் சின்னம்மா.

நானா ஒரு நல்ல சாக்காகப் பார்த்து மடித்து, அவர் இருக்கிற பலகையில் விரித்தார். சின்னம்மா ஏறுவதற்கு முன் என் தலையைத் தடவி, "காகம் கொண்டுபோகாமல் வத்தலைப் பார்," என்றார். தோணி புறப்படும் நேரம் வந்த பிறகும் சித்தப்பா அதன் கயிற்றைக் கையில் வைத்திருந்தார். நானா வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

'கொஞ்ச நாள்' என்பது மனையியலில் அனுமதிக்கப்படாத அளவு. கொஞ்ச நாள் மழைக்காலமாயிற்று. தோணி வரவில்லை. பிறகு கோடை வந்தது. ஆனால் ஸ்ரோர் ஆட்கள் இன்னும் 'ஊறுகாய் வீடு' என்று எங்களைப் பகிடி பண்ணினார்கள். பகிடி ஓயட்டும் என்றார் அப்பா. பகிடி ஓய்ந்தபோது சின்னம்மாவின் பெயரும் வீட்டில் ஓய்ந்துவிட்டது. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அப்பா சித்தப்பாவுக்கு வேறிடத்தில் பெண் பார்த்தார். சித்தப்பா "ஓம், அண்ணை" என்றார்.

பல வருடம் கழித்து நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். ஒரு நாள் விரிவுரையாளர் கண்ணாடிக் குவளையில் வினாகிரி ஊற்றி, ஒரு துண்டு வாளித் தகரத்தைப் போட்டார். தகரத்தின் உடம்பெங்கும் முத்துப்போலக் குமிழி ஏறிற்று. மற்ற மாணவிகள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு நாக்கில் திறப்பின் ருசி வந்தது.

விடுமுறைக்கு வந்ததும் முதலில் மாட்டுக்கொட்டிலுக்குத்தான் போனேன். நேவி வாளியை அம்மா தேய்த்துக் கழுவி, மாட்டுக்குக் கழுநீர் வைக்கப் பாவித்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். சுற்றிவர ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இன்னும் மீன் செதில்போல மினுக்கம். கீழே ஒரே துரு. ஊறுகாய் எந்த மட்டத்துக்கு நின்றதோ அந்த மட்டம். சின்னம்மாவுக்காகச் சாட்சி சொல்ல அது அத்தனை வருடமும் கொட்டிலில் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. மாடு மட்டும்தான் தினமும் அதற்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறது.

அடுத்த நாளே கிளிவெட்டிக்குப் போனேன். சின்னம்மா தன் தம்பியின் குடும்பத்தோடு இருந்தார். முற்றத்தில் மோர் மிளகாய் புரட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, பழையபடி சத்தமாகச் சிரித்தார், திரும்பிப் பார்க்கவில்லை. நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். துத்தநாகம், புளி, குமிழி, கோடு.

"அப்ப, நீங்கள் தொட்டதாலை இல்லை, சின்னம்மா."

"இதுக்கு எவ்வளவு காலம் படிச்சனி?"

"இரண்டு வருசம்."

"பாவம். நான் அதை அண்டைக்கே சொன்னனான்," என்றார். மிளகாயைப் புரட்டினார். "அந்த வாளி இன்னும் இருக்கோ?"

"மாட்டுக்குக் கழுநீர் வைக்கிறம்."

"மாடு சுகமோ?"

நானும் சிரித்துவிட்டேன். சிரித்த துணிவில் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "அப்ப அண்டைக்குக் கிணத்தடியிலை தோய்ச்ச துணி?"

சின்னம்மா ஒரு மிளகாயின் காம்பைத் திருத்திவைத்தார். "அது துடக்கில்லை, பிள்ளை. எனக்கு இரண்டு மாசம் வராமல் இருந்தது. அதாலைதான் அந்தப் புளி அப்பிடி இழுத்தது. உங்களெல்லாரையும்விட நான்தான் கூடத் திண்டனான். வாந்தியோடை வாந்தியா அதுவும் போயிட்டுது."

ஊறுகாயால்தானா, வாந்தியால்தானா, அல்லது அது எப்படியும் தங்கியிராததா? எந்தப் புத்தகத்திலும் எனக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே, சின்னம்மா."

"எதைச் சொல்லுறது? வயித்திலை இருக்கேக்குள்ளை சொன்னால் கண்ணூறு படும், மூண்டாம் மாசம் பிறக்கட்டும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். உன்ரை அம்மா கேட்கேக்குள்ளை அது இல்லை. இல்லாத பிள்ளையைச் சொன்னால் தப்பிறதுக்குச் சொல்லுறாள் எண்டுவினம்."

"சித்தப்பாவுக்கும் தெரியாதோ?"

"தெரியாது. அந்த மனிசனுக்கு இப்ப வேறை பிள்ளையள் இருக்கு. இருக்கிறதோடை இதையும் கொண்டுபோய்க் குடுக்காதை." பிறகு பழைய குரலில், வாளியடியில் சொன்ன அதே குரலில் சொன்னார்: "ஆருக்கும் சொல்லாதை."

நான் சத்தியம் செய்தேன். துத்தநாகத்தை மட்டும் சொல்ல அனுமதி கேட்டேன். "அதை எங்கை வேணுமெண்டாலும் சொல்லு," என்றார்.

சொன்னேன். அப்பா காலமாகிவிட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா அம்மாவைப் பார்க்க வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வாளியை முற்றத்துக்கு உருட்டிவந்து, கோட்டைக் காட்டி, அதற்கு மேலே மினுங்குகிற இடத்தில் வினாகிரி ஊற்றிக் குமிழியையும் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய மிகச் சிறந்த பாடம் அது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை கவனமாகப் பார்த்தார். கெட்டிக்கார மனுஷி. பாடம் விளங்காமலில்லை.

"சரி, வாளியெண்டே வைச்சுக்கொள்ளுவம்," என்றார். "அப்ப அவள் அண்டைக்குத் தோய்ச்ச துணி? அது என்ன?"

சித்தப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அவர் ஒரு கேள்வி கேட்டு நான் கண்டதில்லை. அன்றைக்கும் அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"தெரியாது," என்றேன்.

"அதுதானே," என்று அம்மா கண்ணாடியைக் கழற்றினார். சித்தப்பா ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "நான் வாறன், அண்ணி" என்று எழும்பிப் போனார்.

இப்போது அவர்களில் ஒருவரும் இல்லை. கடைசியாகப் போனவர் சின்னம்மா. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களோ நானோ இதில் இனிச் செய்ய ஏலுமானது ஒன்றுமில்லை. வாளி மட்டும் கனகாலம் கிடந்தது. ஒரு மாரியில் அந்தக் கோட்டோடு அறுந்து அடி தனியாக விழுந்தது. மேல்வளையம், ஊறுகாய் படாத பகுதி, கொட்டில் மூலையில் கடைசிவரை மினுங்கிக்கொண்டிருந்தது.